நடுவிலுள்ள நாட்கள்



மனிதன் எதற்காக உண்டாக்கப்பட்டான் என்று ஞானோபதேச வகுப்பில் சிறு பிள்ளைகளிடம் கேட்பார்கள். சர்வேசுரனை அறியவும், அவரை நேசிக்கவும், அவருக்கு ஊழியஞ் செய்யவும், அதன் பலனாக மோட்சம் சேரவும் என்ற கருத்தில் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். எழுபது வயதுப் பாட்டியம்மாளும் அதை மறந்திருக்க மாட்டார். ஒப்பித்ததோடு விட்டுவிடாமல், அந்தப் பதிலை இன்று சற்று நிறுத்தி வைத்துப் பார்ப்போம். அறிவதற்கு வகுப்பு இருக்கிறது, பிரசங்கம் இருக்கிறது. நேசிப்பதற்கு நெஞ்சு இருக்கிறது. ஊழியஞ் செய்வதற்கு இடம் எது?

கோயில் என்று உடனே சொல்லத் தோன்றும். வாரத்துக்கு 168 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைப் பூசை, நவநாள், அன்பியக் கூட்டம், வீட்டில் சாயங்கால ஜெபமாலை எல்லாவற்றையும் தாராளமாகக் கூட்டினாலும் எட்டு மணி நேரத்துக்கு மேல் போகாது. மீதி 160 மணி நேரத்துக்கும் சர்வேசுரனுக்கும் சம்பந்தமில்லை என்றால், மனிதனை உண்டாக்கினதில் அவருக்குப் பெரிய நஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனாலும் நம்மில் அநேகருடைய எண்ணம் அப்படித்தான் ஓடுகிறது. விசுவாசம் மனசுக்குள் பத்திரமாக இருக்கிறது. கடை கடையாக நடக்கட்டும், ஆபீஸ் ஆபீஸாக நடக்கட்டும், கலியாணம் ஊர் வழக்கப்படி நடக்கட்டும். உள்ளத்தைப் பார்க்கிற ஆண்டவருக்கு நம்மைத் தெரியாதா? இப்படிச் சொல்லுகிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். மாதந்தோறும் பாவசங்கீர்த்தனம் செய்து, தேவநற்கருணை உட்கொண்டு, திருநாளுக்குத் தாராளமாக வரி கொடுக்கிறவர்கள். பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும், கடனை அடைக்க வேண்டும், நான் ஒருவன் மட்டும் நேராக நடந்தால் உலகம் திருந்திவிடுமா என்று அவர்கள் கேட்கிற கேள்வியில் வேதனையும் உண்டு. அதைப் பரிகாசம் செய்யக் கூடாது. பதில்தான் சொல்ல வேண்டும்.

பதிலைத் தேடிக்கொண்டு நாம் தூர தேசம் போக வேண்டியதில்லை. நட்டாலத்துக்குப் போனால் போதும்.

1712 ஏப்ரல் 23-ந் தேதி அங்கே பிறந்த நீலகண்டன், திருவிதாங்கூர் மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் அரண்மனை உத்தியோகஸ்தர். 1745 மே 14-ந் தேதி வடக்கன்குளத்தில் சேசு சபைக் குருவாகிய புத்தாரி சுவாமியிடம் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று இட்டார்கள். 1749 பிப்ரவரி 23-ந் தேதி கைதானார். 1752 ஜனவரி 14-ந் தேதி ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தார். கோட்டாறு அர்ச். சவேரியார் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டார். 2012 டிசம்பர் 2-ந் தேதி நாகர்கோவிலில் முத்திப்பேறு பட்டமும், 2022 மே 15-ந் தேதி உரோமாபுரியில் அர்ச்சியசிஷ்ட பட்டமும் அவருக்கு அளிக்கப்பட்டன. இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த விஷயம். எருமை மேல் ஏற்றி ஊர்வலம் விட்டதையும், காயத்தில் மிளகாய்ப்பொடி தடவினதையும், புலியூர்க்குறிச்சிப் பாறையில் தண்ணீர் சுரந்ததையும் பாட்டிமார் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நாடகமும் போடுகிறார்கள். நாடகத்தில் எருமை வரும்போது பிள்ளைகளுக்கு உண்டாகிற சந்தோஷம் வேறு எந்தக் காட்சியிலும் உண்டாகிறதில்லை.

ஆனால் இந்தத் தேதிகளுக்கு நடுவிலே ஓர் இடைவெளி இருக்கிறது. ஞானஸ்நானம் 1745 மே மாதத்தில். கைது 1749 பிப்ரவரி மாதத்தில். இடையில் மூன்று வருஷம் ஒன்பது மாதம். நாடகத்தில் இந்தக் காலத்துக்குக் காட்சியே கிடையாது. ஞானஸ்நானம் முடிந்து திரை விழும். திரை தூக்கும்போது சேவகர்கள் விலங்கோடு வந்து நிற்பார்கள். நாமும் அப்படியே நினைத்துப் பழகிவிட்டோம். அந்த மூன்று வருஷம் ஒன்பது மாதமும் அவர் என்ன செய்தார்? காட்டுக்குத் தவம் செய்யப் போகவில்லை. சந்நியாசம் வாங்கவில்லை. அவர் மனைவியுள்ள சம்சாரி. மனைவி பார்கவி அம்மாளும் ஞானப்பூ என்ற பெயரோடு ஞானஸ்நானம் பெற்றார். அவர் ஊரிலே, உறவினர் நடுவிலே, அரண்மனையை அறிந்தவர்கள் நடுவிலே, நம்மைப்போல் காலையில் எழுந்து வேலையைப் பார்த்து ஜீவித்தார். அந்த ஜீவியந்தான் அவரை விலங்குக்குக் கொண்டுபோயிற்று. ஆகையால் நமக்கு வேண்டிய பாடம் காற்றாடிமலையில் இருப்பதைவிட இந்த நடுவிலுள்ள நாட்களிலே அதிகம் இருக்கிறது. துப்பாக்கிக்கு முன்னே நிற்கும்படி ஆண்டவர் நம்மில் யாரையும் அழைக்காமல் போகலாம். திங்கட்கிழமைக்கு முன்னே எல்லோரையும் நிறுத்துகிறார்.

இங்கே ஒரு காரியத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். கிறிஸ்தவராயிருப்பது மட்டும் அந்நாட்டில் மரண தண்டனைக்குரிய குற்றமாயிருந்ததா? அப்படியென்றால் கரையோரத்து மக்களில் ஒருவரும் மிஞ்சியிருக்க முடியாது. அர்ச். சவேரியார் 1544-ம் வருஷத்திலேயே இந்தக் கடற்கரையில் நடந்து ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அவர்களுடைய சந்ததி இருநூறு வருஷமாக வேதத்தில் இருந்தது. இன்னும் அருகில் பார்க்கலாம். 1741-ம் வருஷம் குளச்சல் போரில் பிடிபட்ட டிலனாய் ஒரு கத்தோலிக்கர். டச்சுக் கம்பெனியின் படையில் வந்தவர், பிற்பாடு மகாராஜாவின் படையைப் பயிற்றுவித்துத் தளபதியானார். 1777-ம் வருஷம் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் கோயிலில் அடக்கமானார். லத்தீனிலும் தமிழிலும் எழுதின கல்லறைக் கல்லை இன்றும் அங்கே காணலாம். கத்தோலிக்கராயிருந்துகொண்டே அவர் ராஜாவின் முழு நம்பிக்கைக்கும் பாத்திரமாயிருந்தார். அப்படியிருக்க, அவரிடமே வேத சத்தியங்களைக் கேட்டு மனந்திரும்பின தேவசகாயத்துக்கு மட்டும் ஏன் இந்தக் கதி?

அரசாங்க விரோதம் முதலிய குற்றங்கள் அவர்மேல் சாட்டப்பட்டன. வேதத்தினிமித்தம் அவர் சாகவில்லை என்று எழுதின சரித்திரக்காரரும் உண்டு. திருச்சபை விசாரித்து அவரை வேதசாட்சி என்று தீர்த்திருக்கிறது. அந்தத் தீர்ப்பிலே உரோமாபுரி எடுத்துச் சொல்லுகிற காரணம் நம்மைச் சுடுகிறது. சாதி வித்தியாசம் பாராமல் எல்லா மனிதரும் சமம் என்று அவர் அழுத்திச் சொன்னார். அதனால் மேல்நிலையில் இருந்தவர்களுடைய பகையைச் சம்பாதித்தார் என்பதே அது. தொடக்கூடாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு அவர் கலந்து பழகினார், சேர்ந்து உண்டார் என்று நம்முடைய பாரம்பரியமும் சொல்லுகிறது. டிலனாய் அந்நியர், ஊர்க் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தவர். கரையோரத்தார் தங்களுக்கென்று விதிக்கப்பட்ட கரையில் இருந்தார்கள். ஆனால் உயர்ந்த குலத்து அரண்மனை உத்தியோகஸ்தர் ஒருவர் அந்தக் கோட்டைத் தாண்டிப் போய், தாழ்ந்தவன் என்று ஊர் சொன்னவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார் என்றால், அது பொறுக்கப்படக் கூடியதாக இல்லை. சேசுநாதரை நெஞ்சிலே ஒளித்து வைத்துக்கொண்டு பந்தியில் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தாரானால், ஒருவேளை அவர் பெயர் நமக்குத் தெரியாமலே போயிருக்கும். பென்ஷன் வாங்கி, பேரப்பிள்ளைகளைக் கண்டு, படுக்கையில் சாந்தமாக இறந்திருப்பார்.

மனசுக்குள் விசுவாசம் இருந்தால் போதாதா என்ற கேள்விக்கு அவருடைய பதில் இதுதான். விசுவாசம் சோற்றிலையை எட்டினது. அவ்வளவுதான் அவர் செய்த புரட்சி.

இதுவரை வாசித்து வந்தவர்களில் சிலர், அரண்மனைக்காரரும் சாதிக் கர்வம் பிடித்தவர்களும் அந்தக் காலத்தில் அப்படி நடந்தார்கள், பாவம், அவர்கள் இருளில் இருந்தார்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நிம்மதி அடையக்கூடும். அந்த நிம்மதி நமக்குக் கிடையாது. அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரையே எடுத்துக்கொள்வோம். வடக்கன்குளம் நம்முடைய மாவட்ட எல்லைக்கு அப்புறத்தில், திருநெல்வேலிச் சீமையில் இருக்கிறது. திருவிதாங்கூருக்கு வெளியே என்பதாலேயே அவர் அங்கே போய் ஞானஸ்நானம் பெற்றார். அவர் இறந்து நூறு வருஷத்துக்குப் பின், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, அதே ஊரில் எழுந்த திருக்குடும்பக் கோயில் எப்படிக் கட்டப்பட்டது தெரியுமா? கவட்டைக் கம்பு போல இரண்டு கிளையாக. ஒரு கிளையில் வெள்ளாளர், மறு கிளையில் நாடார் முதலியவர்கள். இரண்டும் பீடத்தண்டையில் சேரும். நடுவில் சுவர். பீடத்தை இரு பக்கத்தாரும் காணலாம். ஒருவரையொருவர் காண முடியாது. ஒரே அப்பம், ஒரே குருவானவர், இரண்டு கொட்டகை.

1910-ம் வருஷம் கௌசானல் சுவாமியார் காலத்தில் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. இடித்தவுடனே, அப்பாடா என்று இரு பக்கத்தாரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள் என்று நினைக்கிறீர்களா? பிரிந்திருப்பது எங்கள் உரிமை என்று சொல்லி வழக்குப் போட்டார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரைக்கும் போயிற்று. கோர்ட்டிலே அந்த உரிமை நிலைக்கவில்லை. சற்று யோசித்துப் பாருங்கள். கூடி உண்ணவும் கூடி உட்காரவும் துணிந்ததனாலே பகையைச் சம்பாதித்து உயிர்விட்ட ஒருவர் கிறிஸ்தவரான ஊரிலே, கூடி உட்கார மாட்டோம் என்று ஞானஸ்நானம் பெற்றவர்களே பணம் செலவழித்து வக்கீல் வைத்தார்கள். அந்தச் சுவருக்குச் செங்கல் சுமந்தது எந்தப் புறமத ராஜாவும் அல்ல. எனவே அடுத்த வீட்டு இந்து சகோதரரைப் பார்த்து, உங்கள் ராஜா எங்கள் அர்ச்சியசிஷ்டவரைக் கொன்றார் என்று பேசுகிற பேச்சு நம் வாயில் வரவே கூடாது. அந்தப் பேச்சுக்கு நமக்கு யோக்கியதை இல்லை.

வடக்கன்குளத்தாரை மட்டும் குறை சொல்லுவதும் தகாது. அவர்கள் சுவரைக் கண்ணுக்குத் தெரியும்படி கட்டினார்கள். நம்முடைய பங்குகளில் கண்ணுக்குத் தெரியாதபடி கட்டியிருக்கிறோம். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாளுக்குத் தனி டம்ளர் எங்கே கவிழ்த்து வைத்திருக்கிறது என்று அந்தந்த வீட்டுக்காரருக்குத் தெரியும். வேறு சாதிக் கிறிஸ்தவப் பையனை மகள் விரும்பினாள் என்று கேட்டவுடனே, ஜெபமாலையை உருட்டின அதே விரலை நீட்டி, அவன் யார், அவன் குடும்பம் என்ன குடும்பம் என்று கேட்கிற தகப்பன்மார் உண்டு. கரைக்காரர் என்றும் உள்நாட்டார் என்றும் நாம் போடுகிற கோட்டை எந்த வரைபடத்திலும் காண முடியாது. ஆனால் பெண் பார்க்கும்போது அது தெளிவாகத் தெரிகிறது. உரோமாபுரியில் அர்ச்சியசிஷ்டவராக அறிவிக்கப்பட்ட பெயரில் ‘பிள்ளை’ என்ற பட்டம் இல்லை. தேவசகாயம் என்பதோடு நின்றது. அங்கே நீக்கின பட்டத்தை இங்கே நம்முடைய கலியாணப் பேச்சுகளில் நாம் நீக்கவில்லை.

கலியாணப் பேச்சு என்றதும் இன்னொன்றும் சொல்லாமல் விட முடியவில்லை. இத்தனை பவுன், இவ்வளவு ரொக்கம், காரா பைக்கா என்று நடக்கிற பேரம் நம் நாஞ்சில் நாட்டிலே மற்ற இடங்களைவிடக் குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா? நல்ல சம்பளம் வாங்குகிற மாப்பிள்ளைக்குப் பெற்றோர் விலை சொல்லுகிறார்கள். விலை பேசி முடித்த பிற்பாடு, பங்குச் சுவாமியிடம் வந்து மூன்று ஓலை வாசிக்கக் கேட்கிறார்கள். பூசையிலே அழகாகப் பாட்டு, பீடத்தில் பூ அலங்காரம். மூன்று பெண்களைப் பெற்ற தகப்பன் ரப்பர்த் தோட்டத்தை விற்றானா, வள்ளத்தை அடகு வைத்தானா என்பது பாட்டுக்குள் கேட்காது. இந்தப் பாவத்தை நாம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லுகிறதுமில்லை; ஊர் வழக்கம் என்று ஒரு சிறு பெயரிட்டுக் கடந்துபோகிறோம்.

இனித் தொழிலுக்கு வருவோம். காலையில் எழுந்தவுடன் அன்றைய நாளின் ஜெபங்களையும் வேலைகளையும் துன்பங்களையும் திரு இருதயத்துக்கு ஒப்புக்கொடுக்கிற நல்ல பழக்கம் நம்மில் அநேகருக்கு உண்டு. 1844-ம் வருஷம் பிரான்சு தேசத்தில் வால்ஸ் என்ற இடத்தில் சேசு சபை மாணவர்களிடையே தொடங்கின ஜெப அப்போஸ்தலம் என்ற சபையினாலே இந்தப் பழக்கம் உலகமெங்கும் பரவினது. அந்த மாணவர்கள் உடனே மிஷன் நாடுகளுக்குப் போக வேண்டுமென்று துடித்தார்கள். இப்போது உங்கள் வேலை படிப்பு, அதையே ஒப்புக்கொடுங்கள், அதுவே மிஷன் என்று அவர்களுடைய குருவானவர் புத்தி சொன்னார். மிகவும் அழகான உபதேசம். ஆனால் இதில் ஒரு கண்டிப்பும் உண்டென்பதை நாம் கவனிப்பதில்லை. ஒப்புக்கொடுக்கிற பொருள் ஒப்புக்கொடுக்கத் தக்கதாயிருக்க வேண்டும். அறுவடைத் திருநாளுக்குக் கோயிலுக்குக் கொண்டுவருகிற வாழைக்குலை அழுகினதாயிருந்தால் எடுத்துவர வெட்கப்படுவோம். காலையில் ‘இந்த நாளை உமக்குத் தருகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போகிறோம். சாயங்காலம் ஆண்டவர் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கும்?

கடையிலே தராசு இருக்கும். கோட்டாற்றுக் கம்போளத்திலாகட்டும், வடசேரிச் சந்தையிலாகட்டும், தராசுக்கு முன்னே நிற்கிற ஏழைக்கு அதைச் சரிபார்க்கத் தெரியாது. அவன் கடைக்காரரின் முகத்தைத்தான் பார்க்கிறான். ஆபீஸிலே ஒரு மேசை, மேசைமேல் ஒரு விதவையின் மனு. ஆறு மாதமாக மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் போய்வருகிற அந்தக் காகிதத்துக்கு ஒரு கையெழுத்துப் போட அரை நிமிஷம் போதும். கடற்கரையிலே ஏலம், வலையில் வந்ததைக் கூறுபோட்டுப் பங்கு பிரிக்கும்போது கூலிக்கு வந்தவனுடைய பங்கு ஒழுங்காகப் போகிறதா? கட்டடம் கட்டுகிறவர் சிமெண்டும் மணலும் கலக்கிற அளவு அவருக்கும் சர்வேசுரனுக்கும் மட்டுமே தெரியும். பத்து வருஷம் கழித்து மழைக்கும் தெரியும். முந்திரிப் பருப்பு உடைக்கிற பெண்களுக்குக் கூலிக்காக எடை போடுகிற முதலாளி கத்தோலிக்கராயிருந்தால் அந்தப் பெண்களுக்கு அதனால் ஏதாவது லாபம் உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியை நாம் எல்லோரும் நம்மை நோக்கிக் கேட்டுக்கொள்ளலாம். நான் கிறிஸ்தவனாயிருப்பதால், என்னிடம் வேலை செய்கிறவனுக்கோ, என்னிடம் பொருள் வாங்குகிறவனுக்கோ, என் மேசைக்கு முன்னே நிற்கிறவனுக்கோ என்ன நன்மை வந்தது? ஆட்டோவில் அந்தோனியார் துணை என்று எழுதியிருக்கிறோம். வள்ளத்துக்கு மாதா பெயர். முக்குக்கு முக்குக் குருசடி. அத்தனையும் நல்லதே. ஆனால் எழுத்தைப் பார்த்து நம்பி ஏறினவனிடம் நியாயமான வாடகை கேட்டோமா என்பதிலேதான் அந்தோனியாருக்கு அக்கறை இருக்கும் என்று தோன்றுகிறது.

இதெல்லாம் குருக்களுக்கும் கன்னியர்களுக்கும் உரிய உயர்ந்த வழி, நமக்கு ஏது என்று பின்வாங்குகிறவர்களுக்கு அர்ச். பிராஞ்சிஸ்கு சலேசியார் நானூறு வருஷத்துக்கு முன்பே பதில் சொல்லிவிட்டார். ஜெனிவா நகரத்து மேற்றிராணியாராயிருந்த அவர், 1609-ம் வருஷம் உலகத்தில் ஜீவிக்கிறவர்களுக்கென்றே ஒரு பக்தி நூல் எழுதினார். போர்வீரனுடைய பாளையத்திலிருந்தும், தொழிலாளியின் பட்டறையிலிருந்தும், சம்சாரியின் வீட்டிலிருந்தும் பக்தியைத் துரத்தப் பார்ப்பது பெரிய தப்பறை என்பது அவருடைய கருத்து. அவரவர் நிலைமைக்குப் பொருந்தாத பக்தி பொய்ப் பக்தி என்றும் கண்டித்தார். அடுப்பில் சோறு தீய்ந்துகொண்டிருக்க, கோயிலில் ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலையை மூன்று தரம் சொல்லுகிற பெண்மணியை அவர் மெச்சியிருக்க மாட்டார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ம் வருஷம் இன்னும் கடுமையாகவே பேசிற்று: விசுவாசத்துக்கும் அன்றாட ஜீவியத்துக்கும் நடுவே மனிதர் உண்டாக்கிக்கொள்ளுகிற பிளவை இந்தக் காலத்தின் பெரிய பிழைகளிலே ஒன்றாக எண்ணிற்று. நாஸ்திகத்தைக் கண்டு பயப்படுகிற நாம், நம்முடைய ஞாயிறும் திங்களும் ஒன்றையொன்று அறியாமல் இருப்பதைக் கண்டு பயப்படுவதில்லை.

தேவசகாயத்தோடு சேர்த்து அன்றைக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் பெற்ற பதின்மரில் சார்லஸ் தெ பூக்கோ என்ற பிரெஞ்சுக்காரரும் ஒருவர். அவர் நாசரேத்தூரிலே கன்னியர் மடத்து வேலைக்காரராக மூன்று வருஷம் இருந்து, சேசுநாதர் அந்த ஊரில் கழித்த மறைந்த ஜீவியத்தையே தியானித்தவர். நம்முடைய கர்த்தர் பிரசங்கம் செய்தது ஏறக்குறைய மூன்று வருஷம்; தச்சனாக மரம் இழைத்தது அதைப்போலப் பல மடங்கு. அந்தக் காலத்தைப் பற்றிச் சுவிசேஷகர்கள் இரண்டொரு வசனத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அவர் செய்த ஏர்க்கலப்பை ஆறு மாதத்தில் உடைந்துபோயிற்று என்று நாசரேத்தூர்க் குடியானவன் எவனாவது குறை சொல்லியிருப்பான் என்று நம்மால் எண்ண முடியுமா?

சரி, நேராக நடந்தால் நஷ்டம் வருமே என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. வரும். வராது என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்தால் அது பொய்யாகும். சரியான எடை போடுகிற கடைக்காரருக்கு லாபம் குறையும். லஞ்சம் வாங்காத குமாஸ்தாவுக்கு மாற்றல் உத்தரவு வரும்; அவரோடு சாப்பிட உட்கார்ந்தவர்கள் மெதுவாக வேறு மேசைக்குப் போவார்கள். சீதனம் வேண்டாம் என்று சொன்ன பையனுக்கு ஏதோ குறை இருக்கிறதென்று ஊரார் காதோடு காது பேசுவார்கள். ஞானஸ்நானத்துக்கு முன்னே தேவசகாயத்துக்கு மாடுகளும் செல்வமும் நஷ்டமான காலத்தில் டிலனாய் அவருக்கு யோபுவின் சரித்திரத்தைச் சொன்னார் என்று பாரம்பரியம் உண்டு. வேதத்துக்கு வந்த பிற்பாடு இழந்தது எல்லாம் திரும்பக் கிடைத்தது என்று அவர் சரித்திரத்தில் எங்கேயும் இல்லை. மீதி இருந்ததும் போயிற்று. வேதத்தில் சேர்ந்தால் வியாபாரம் பெருகும், விசாவும் வீடும் கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டு திரிகிற பிரசங்கிகள் அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பார்களோ தெரியவில்லை.

ஆனால் நான் ஒருவன் நடந்தால் உலகம் திருந்திவிடுமா என்ற கேள்விக்கு அவருடைய சரித்திரத்தில் வேறொரு விதத்தில் பதில் இருக்கிறது. அவரை வேதத்துக்குக் கொண்டுவந்தவர் யார்? குருவானவர் அல்ல. புத்தாரி சுவாமி பின்னால்தான் வருகிறார். அவரோடு ஒரே ராஜாவுக்கு ஊழியஞ் செய்த மற்றோர் உத்தியோகஸ்தர், அதுவும் போரில் பிடிபட்ட கைதி. அந்தப் படைத்தலைவரை நாம் அர்ச்சியசிஷ்டவராக்க வேண்டாம்; துப்பாக்கியும் பீரங்கியுமே அவர் பிழைப்பு. ஆனாலும் துன்பத்தில் இருந்த சக ஊழியர் ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேச அவருக்கு நேரம் இருந்தது. அந்தப் பேச்சு தேவசகாயத்துக்குள் போயிற்று. தேவசகாயத்திடமிருந்து மனைவிக்குப் போயிற்று. ஞானப்பூ அம்மாள் உறவினரை விட்டு, பிறந்த ஊரை விட்டு, கணவர் இறந்த பின் வடக்கன்குளத்திலே ஜீவித்து அங்கேயே அடக்கமானார். பெருவிளையில் அவரை மரத்தோடு கட்டி வைத்திருந்தபோது அவரைக் காணச் சுற்றுப்புறத்து ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள் என்பார்கள். உலகம் முழுவதும் திருந்தவில்லை. நாஞ்சில் நாட்டில் சில வீடுகளில் விளக்கேறினது. 2025-ம் வருஷம் அவரை இந்தியப் பொதுநிலையினருக்குப் பாதுகாவலராகவும் ஏற்படுத்தியிருக்கிறார்கள். அதாவது, குருப்பட்டம் இல்லாத நம் எல்லோருக்கும்.

ஜனவரி 14-ந் தேதி அவருடைய திருநாள். பொங்கலும் அந்த நாளையொட்டியே வரும். அடுத்த வீட்டார் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தனுப்பினால் முகத்தைத் திருப்பாமல் வாங்கிக்கொள்ளுங்கள், நம் வீட்டு அப்பத்தையும் அனுப்புங்கள். அன்று பூசை முடிந்தபின் கோயில் முற்றத்தில் சமபந்தி விருந்து. வருஷந்தோறும் நடப்பதுதான். ஆனால் வருஷந்தோறும் ஒன்றைக் காண்கிறோம்: பெரிய குடும்பத்தார் ஒரு மூலையில் தங்களுக்குள் கூடி உட்காருகிறார்கள், முற்றம் பெருக்குகிறவர்களும் பாத்திரம் கழுவுகிறவர்களும் கடைசிப் பந்திக்குக் காத்து நிற்கிறார்கள், சிலருக்குப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். இந்தத் திருநாளுக்கு ஒவ்வொரு குடும்பமும் தங்கள் வீட்டிலோ கடையிலோ தோட்டத்திலோ வேலை செய்கிற ஒருவரை, அவர் குடும்பத்தோடு, எந்த மதத்தவராயிருந்தாலும் சரி, முன்னதாகவே போய் அழைத்து, கூட்டிக்கொண்டு வந்து, முதல் பந்தியில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறோம். பொட்டலம் கட்டப்படாது. பந்தி பகல் 12 மணிக்குத் தொடங்கும்.